தராசுக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சின்ன வில்லை. பித்தளையிலோ துத்தநாகத்திலோ தோலிலோ செய்தது. நடுவில் ஓர் எண், ஓரத்தில் கயிறு கோக்க ஒரு துளை. இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், டர்ஹாம் வட்டாரத்து நிலக்கரிச் சுரங்கங்களில், கரி வெட்டும் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு வில்லை எண் இருந்தது. இரண்டடி உயரமே உள்ள கரிப் படுகையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வெட்டுவார். வெட்டியதைத் தொட்டிவண்டியில் வாரிப் போடுவார். தன் வில்லையை வண்டிக்குள் மாட்டிவிடுவார். வண்டி தள்ளும் பையன் வந்து, தன் வில்லையையும் மாட்டிவிட்டு, இருட்டுக்குள் அதைத் தள்ளிக்கொண்டு போவான்.

அதற்குப் பிறகு அந்த வண்டியை வெட்டியவர் கண்ணால் பார்க்கப்போவதில்லை. கூண்டில் ஏறி, நூற்றுக்கணக்கான அடி மேலே, பகல் வெளிச்சத்துக்கு அது போய்விடும். அங்கே கம்பெனியின் எடைக்காரர் வில்லை எண்ணைப் பார்த்து, எடையைப் பார்த்து, பேரேட்டில் எழுதுவார். அவர் எழுதியதுதான் எடை. அந்த எடைக்குத்தான் கூலி. உழைத்தவர் பாதாளத்தில், கணக்கு மேலே. இரண்டுக்கும் நடுவில் அவருக்காகப் பேச ஒரு ஜீவன் கிடையாது.

அந்த வெற்றிடத்தில் ஓர் ஆளை நிறுத்துவதற்குப் பிரிட்டன் சுரங்கத் தொழிலாளிகள் இரண்டு தலைமுறை போராடினார்கள். அந்த ஆளுக்குப் பெயர் செக்வெய்மேன். கம்பெனி போடும் எடையைத் தொழிலாளிகள் சார்பில் சரிபார்ப்பவர். தொழிற்சங்கம் சுரங்கத்துக்கு என்ன செய்தது என்று கேட்டால் பலரும் வேலைநிறுத்தம், ஊர்வலம், கொடி என்றுதான் சொல்வார்கள். நான் முதலில் சொல்வது இந்த ஆளைத்தான்.

சிறுவனாக இருந்தபோது எங்கள் களத்துமேட்டில் நெல் எடை போடுவதைப் பார்த்திருக்கிறேன். வியாபாரியின் ஆள் மூட்டையைத் தூக்கிப் போட்டு, முள் ஆடி நிற்பதற்குள் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவான். சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. அப்பா வேறு எந்த வேலை கிடந்தாலும் போட்டுவிட்டுத் தராசுக்குப் பக்கத்திலேயே நிற்பார். ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல், வரமுடியவில்லை. அன்றைக்கு எங்கள் வயல் மூட்டைக்கு மூட்டை குறைவாக விளைந்திருந்தது! அப்பாவால் பக்கத்தில் நிற்க முடிந்தது. சுரங்கத்து ஆளால் அது முடியாது. நிற்க வேண்டுமென்றால் வெட்டுவதை விட்டுவிட்டு மேலே வரவேண்டும்.

மேலே என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள். ஆரம்பத்தில் எடையே இல்லை, அளவுதான். பிரம்புபோல் வளையும் ஹேசல் குச்சியில் பின்னிய கூடையில் கரி மேலே வரும். கூடை தலைதட்டி நிறையவில்லை என்று மேலே இருப்பவர் சொன்னால், முழுக் கூடைக்கும் கூலி இல்லை. அந்த ஆழத்திலிருந்து குலுங்கிக் குலுங்கி வரும் கூடையில் கரி அமுங்காமல் எப்படி இருக்கும்? கரியோடு கல் கலந்திருந்தால் அதற்கும் கூலி இல்லை, மேற்கொண்டு அபராதம். ஒற்றை விளக்கு வெளிச்சத்தில், கறுப்புக்குள் கறுப்பாகக் கிடக்கும் கல்லைப் பொறுக்கி எடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கூலி மறுக்கப்பட்ட அந்தக் கூடையின் கரி எங்கே போனது? மற்றதோடு சேர்ந்து விற்பனைக்குத்தான் போனது.

எடை வந்த பிறகு வேறு வித்தைகள். 112 ராத்தல் கொண்டது ஓர் அந்தர், 20 அந்தர் ஒரு டன். கடைக்காரர் விற்கும்போது டன் அதுதான். வெட்டியவருக்குக் கணக்குப் போடும்போது மட்டும் சில சுரங்கங்களில் டன்னுக்கு 21 அந்தர், 22 அந்தர் என்று நீண்டுவிடும். இதற்கு ‘நீள் எடை’ என்று ஊரறிந்த பெயரே உண்டு. வெற்று வண்டியின் எடை என்று கழிக்கிறார்களே, அதை யார் நிறுத்துப் பார்த்தார்கள்? தெற்கு வேல்ஸில் கரியைச் சல்லடைக் கம்பிகள்மேல் சரித்து, மேலே தங்கும் பெருங்கரிக்கு மட்டும் கூலி கொடுத்தார்கள். கீழே விழும் பொடிக்குக் காசு இல்லை. அந்தப் பொடியையும் முதலாளி விற்றார்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஏன் இருந்தார்கள் என்றால், வருடத்துக்கு ஒரு முறை போடும் ஒப்பந்தம். டர்ஹாம், நார்தம்பர்லாந்து பகுதிகளில் அதற்குப் ‘பாண்டு’ என்றே பெயர். எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கையெழுத்து வைத்தால் ஓராண்டு கட்டுப்பட்டார்கள். நடுவில் வேலையை விட்டுப் போனால் சிறை. குடியிருக்கும் வீடும் கம்பெனியுடையது. வேலை போனால் அன்றே வீடும் போகும்.

1831-ல் தாமஸ் ஹெப்பர்ன் என்ற சுரங்கத் தொழிலாளி இந்தப் பகுதியில் முதல் வலுவான சங்கத்தைக் கட்டினார். அந்த வருட வேலைநிறுத்தத்தில் அவர்கள் வென்றெடுத்ததில் ஒன்று, சிறுவர்களுக்கு 12 மணி நேர வேலைநாள். பன்னிரண்டு மணி நேரம் என்பது வெற்றியாக இருந்த காலம் அது. அடுத்த ஆண்டே முதலாளிகள் சங்கத்தை உடைத்தார்கள். ஹெப்பர்னுக்கு எந்தச் சுரங்கத்திலும் வேலை கொடுக்கவில்லை. தேயிலைப் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு வீடு வீடாக விற்றுப் பிழைத்தார். அவரிடம் வாங்கவும் ஆட்கள் பயந்தார்கள். கடைசியில் சங்கத்தின் பக்கம் தலைவைக்க மாட்டேன் என்ற உறுதிமொழியின்பேரில்தான் அவருக்கு மறுபடி வேலை கிடைத்தது.

பத்தாண்டு கழித்து, 1842-ல், யார்க்‌ஷயரின் வேக்ஃபீல்டு நகரில் பிரிட்டன், அயர்லாந்து முழுமைக்குமான சுரங்கத் தொழிலாளர் சங்கம் உருவானது. டபிள்யூ. பி. ராபர்ட்ஸ் என்ற வழக்கறிஞரைச் சங்கம் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. அதுவரை நீதிமன்றம் என்றால் தொழிலாளிக்குத் தண்டனை வாங்கும் இடம் என்றே பொருள். 1843-ல் தார்ன்லி சுரங்கத்தில் அபராதம் நிறைந்த பாண்டை எதிர்த்து வேலையை நிறுத்தியவர்களில் 68 பேரைப் பிடித்து, திரும்பிப் போய் வேலை செய்கிறீர்களா, சிறைக்குப் போகிறீர்களா என்று கேட்டார்கள். சிறைக்கே போகிறோம் என்றார்கள். ராபர்ட்ஸ் ஆட்கொணர்வு மனுப் போட்டு வழக்கை லண்டன் உயர்நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய் அவர்களை வெளியே கொண்டுவந்தார்.

1844 ஏப்ரல் 5. பாண்டு முடிந்த நாள். புதிய பாண்டில் யாரும் குறி போடவில்லை. வடகிழக்கில் பல்லாயிரக்கணக்கானோர் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்து மாதக்கணக்கில் வெளியிலேயே நின்றார்கள். அவர்களுடைய கோரிக்கைகளைப் பாருங்கள். கூடையின் அளவுக்குப் பதில் எடைக்குக் கூலி வேண்டும். அந்த எடையை ஊரில் எல்லாரும் பயன்படுத்தும் சாதாரணத் தராசில் போடவேண்டும். அந்தத் தராசை அரசாங்க அதிகாரி சோதிக்க வேண்டும். அபராதம் கூடாது. அப்போது மான்செஸ்டரில் இருந்த இளைஞர் எங்கெல்ஸ் மறு வருடம் வெளியிட்ட தன் நூலில் இந்தக் கோரிக்கைகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ‘நேரான தராசு வேண்டும்’ என்பதற்காகத்தான் அத்தனை குடும்பங்களும் தெருவுக்கு வந்தன.

தெருவுக்கு வந்தன என்பது உவமையில்லை. கம்பெனி வீடுகளிலிருந்து கட்டில், தொட்டில், கடிகாரம் எல்லாவற்றையும் காவலர்கள் வெளியே தூக்கி வைத்தார்கள். பிள்ளைகுட்டிகளோடு வேலி ஓரங்களில் துணியைக் கட்டிக்கொண்டு குடியிருந்தார்கள். சுரங்க முதலாளியான லண்டன்டெரி பிரபு தன் ஆளுகையில் இருந்த சீஹாம் நகரத்துக் கடைக்காரர்களுக்கு, வேலைநிறுத்தம் செய்பவர்களுக்குக் கடன் கொடுத்தால் நடப்பதே வேறு என்று அறிவிப்பு விடுத்தார். அயர்லாந்தில் இருந்த தன் பண்ணைகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஆகஸ்டில் பட்டினி வென்றது. சங்கம் சில ஆண்டுகளில் கரைந்துபோனது. தராசு அப்படியேதான் இருந்தது.

ஆனால் தோற்றவர்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். அதிகாரி வந்து என்றைக்கோ ஒருநாள் தராசைச் சோதித்தால் போதாது. எல்லா நாளும், எல்லா வண்டிக்கும், தராசுக்குப் பக்கத்தில் தங்கள் ஆள் நிற்க வேண்டும். கோரிக்கை இப்படிச் சுருங்கியபோதுதான் அது கூர்மையானது என்பது என் எண்ணம்.

கதை இப்போது தெற்கு யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்லிக்கு நகர்கிறது. அந்த மண்ணில் ஏற்கெனவே ஒரு துயரம் படிந்திருந்தது. பக்கத்து சில்க்ஸ்டோன் கிராமத்தில் 1838 ஜூலை 4 அன்று, ஹஸ்கர் சுரங்கத்துக்குள் மழைவெள்ளம் பாய்ந்து 26 சிறுவர் சிறுமியர் மூழ்கி இறந்தார்கள். மிகச் சிறியவர்களுக்கு ஏழு வயது. அதையொட்டி எழுந்த விசாரணைகளின் பலன்தான், பெண்களையும் பத்து வயதுக்குக் குறைந்த பையன்களையும் பூமிக்கடியில் வேலைக்கு விடக்கூடாது என்று சொன்ன 1842-ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்த வட்டாரத்தில் 1858-ல் தெற்கு யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே சில சுரங்கங்களில் முதலாளிகள், சரி, உங்கள் ஆள் ஒருவர் மேலே நிற்கட்டும் என்று இணங்கினார்கள். அதே நேரத்தில் ஸ்காட்லாந்தின் அலெக்ஸாண்டர் மெக்டொனால்டு நாடாளுமன்றத்துக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். எட்டு வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். வேலை செய்து சேர்த்த காசில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். பிறகு தன் வாழ்நாளைச் சுரங்கத் தொழிலாளிகளுக்கே கொடுத்தவர்.

1860-ல் சட்டம் வந்தது. அதில் ஒரு பிரிவு: எடைக்குக் கூலி வாங்கும் தொழிலாளிகள் தங்கள் செலவில் ஓர் ஆளை நியமித்து எடையைச் சரிபார்க்கலாம். கொண்டாட வேண்டிய நாள்தான். ஆனால் வாசகத்துக்குள் ஒரு முள்ளை வைத்திருந்தார்கள். நியமிக்கப்படுபவர் அதே சுரங்கத்தில் வேலை செய்பவராக இருக்க வேண்டும். அதாவது, முதலாளியைக் கண்காணிக்கப் போகிறவர் அந்த முதலாளியின் கூலியாளாகவே இருக்கவேண்டும். கண்காணிப்பு கடுமையானால் என்ன செய்வது என்று முதலாளிக்குத் தெரியாதா? வேலையைவிட்டு நீக்கிவிடலாம். நீக்கினால் அவர் அந்தச் சுரங்கத்துக்காரர் இல்லை. சுரங்கத்துக்காரர் இல்லையென்றால் எடையைப் பார்க்கும் தகுதியும் இல்லை.

பார்ன்ஸ்லிக்கு அருகே வார்ன்க்ளிஃப் சில்க்ஸ்டோன் சுரங்கத்தில் தொழிலாளிகள் தேர்ந்தெடுத்த ஆள் ஜான் நார்மன்செல். சிறுவனாகவே சுரங்கத்துக்குள் போனவர். அவருக்கு இதேதான் நடந்தது. வேலைநீக்கம் செய்தார்கள், சுரங்க வாயிலுக்குள் விடவில்லை. சங்கம் வழக்குப் போட்டது. கீழே வென்றால் முதலாளி மேலே போனார். கரி வெட்டி வாழும் ஆட்களின் சந்தாக் காசு ஆண்டுக்கணக்கில் வழக்கறிஞர்களுக்குப் போனது. ஒரே ஒரு ஆளைத் தராசுக்குப் பக்கத்தில் திரும்ப நிறுத்துவதற்கு இத்தனை செலவா என்று அன்றைக்குச் சிலர் முணுமுணுத்திருக்கக் கூடும். லண்டன் நீதிமன்றத்தில் சங்கம் வென்றது. நார்மன்செல் திரும்பிப் போய்த் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். பின்னால் அந்தச் சங்கத்தின் செயலாளர் ஆனார். 1872-ல் பார்ன்ஸ்லி நகரசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மற்ற இடங்களில் முதலாளிகள் வேறு வழி கண்டார்கள். எடை மேடையைச் சுற்றி வேலி போட்டார்கள். நில், ஆனால் அங்கே நில் என்று, முள் தெரியாத தூரத்தில் நிற்க வைத்தார்கள். தராசைத் தொடாதே, வெற்று வண்டியைக் கேட்காதே என்றார்கள். ஒவ்வொரு தடுப்பையும் சட்டம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட வேண்டியிருந்தது. 1872 சட்டம் கொஞ்சம் பிடுங்கியது. 1887 சட்டம்தான் ஆணிவேரில் கைவைத்தது. எடை பார்ப்பவர் அந்தச் சுரங்கத்துக்காரராக இருக்கவேண்டிய கட்டாயம் போனது. பெரும்பான்மையினர் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் போதும். அவருடைய சம்பளத்தில் தங்கள் பங்கை எடைக்கூலி வாங்கும் எல்லாரும் கொடுத்தாக வேண்டும், சங்கத்தில் இல்லாதவரும்கூட. தராசைச் சோதிக்கவும், வெற்று வண்டியை நிறுத்துப் பார்க்கவும் அவருக்கு வசதி செய்து தரவேண்டும். முதலாளி அவரை நீக்கமுடியாது. வேலைக்கு இடைஞ்சல் செய்கிறார் என்று குற்றம் சாட்டினால் நீதிமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும்.

1905-ல் இன்னொரு சட்டம் வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எடை பார்ப்பவருக்கு மழை வெயில் படாமல் ஒரு கூரை, எழுதுவதற்கு ஒரு மேசை, தராசைச் சோதித்துப் பார்க்கப் போதுமான எடைக்கற்கள் இவற்றை முதலாளி கொடுக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் உட்கார்ந்து எழுதிவைத்தது. ஒரு கூரையையும் மேசையையும் சட்டத்தில் எழுதவேண்டி வந்தது என்றால், அதற்கு முந்தைய 45 ஆண்டுகளில் எத்தனை பேர் மழையில் நனைந்துகொண்டு, முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு, ஈரப் பென்சிலால் எண்களை எழுதியிருப்பார்கள்!

அந்தக் கூரைக்குக் கீழே நடந்ததை ஒரு நிமிடம் பார்க்கலாம். கூண்டு மேலே வந்து நிற்கும். வண்டி தண்டவாளத்தில் உருண்டு எடை மேடைமேல் ஏறும். உள்ளே இருந்து வில்லையைக் கழற்றி எண்ணைக் கூப்பிடுவார்கள். ஒரு பக்கம் கம்பெனியின் எடைக்காரர், பக்கத்திலேயே தொழிலாளிகளின் ஆள். இருவர் முன்னாலும் நோட்டு. முள் நிற்கும்வரை இருவரும் பார்ப்பார்கள், இருவரும் எழுதுவார்கள். கல் இருக்கிறது, கழி என்று அவர் சொன்னால், எங்கே காட்டு என்று இவர் இறங்கிப் போவார். கழிப்பதானால் எவ்வளவு என்பதை இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வண்டி. அதற்கடுத்த வண்டி. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை இதே வேலை. ஷிப்ட் முடிந்து, முகமெல்லாம் கரியோடு மேலே வரும் வெட்டுபவர், என் எண்ணுக்கு இன்றைக்கு என்ன என்று கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் அவர் ஆள்.

இதன் விளைவு தராசோடு நிற்கவில்லை. யோசித்துப் பாருங்கள். சுரங்கக் கிராமம் முழுவதும் வீடு கம்பெனியுடையது, கடை பல இடங்களில் கம்பெனியுடையது, வேலை கம்பெனியுடையது. அந்த ஊரில் மேனேஜரின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான், ஏனென்றால் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் தொழிலாளிகள். பிழையில்லாமல் கூட்டல் போடத் தெரிந்தவரை, நேர்மையானவரை, மிரட்டலுக்கு அசையாதவரைத்தான் வாக்குப் போட்டு அந்த இடத்துக்கு அனுப்புவார்கள். ஆகவே விபத்தில் செத்தவரின் மனைவிக்கு நஷ்டஈட்டு மனு எழுத அவரிடம் வந்தார்கள். கூலித் தகராறில் பேச அவரைக் கூப்பிட்டார்கள். கிளைச் சங்கத்துக்குச் செயலாளர் தேவைப்பட்டபோதும் அவரே இருந்தார். சங்கத்துக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வசதியில்லாத காலத்தில், யாராலும் பிடுங்கமுடியாத ஒரு நாற்காலி அதற்குக் கிடைத்துவிட்டது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்களைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதலாம். டர்ஹாமின் பீட்டர் லீ பத்து வயதளவிலேயே சுரங்க வேலைக்குப் போனவர். ஓரளவு எழுதப் படிக்கக் கற்றதே வாலிபனான பிறகுதான். அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று அலைந்து ஊர் திரும்பியவரை வீட்லி ஹில் சுரங்கத் தொழிலாளிகள் 1902-ல் எடை பார்ப்பவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வண்டிகளை எண்ணிய அதே கண்ணால் அவர் ஊரைப் பார்த்தார். குடிதண்ணீர் இல்லை, சாக்கடை இல்லை. உள்ளாட்சிக்குள் நுழைந்து 1919-ல் டர்ஹாம் மாவட்ட சபைக்கே தலைவரானார். சுரங்கக் கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த மாவட்டத்தில் புதிதாக ஒரு நகரம் எழுப்பியபோது அதற்குப் பீட்டர்லீ என்று பெயர் வைத்தார்கள். வேல்ஸின் ஆர்தர் ஹார்னர் சிறையில் இருந்தபோதே மார்டி சுரங்கத் தொழிலாளிகள் அவரைத் தங்கள் எடை பார்ப்பவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பின்னாளில் 1946 முதல் அவர் தேசிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளர். ஸ்காட்லாந்தின் ராபர்ட் ஸ்மைலியும் யார்க்‌ஷயரின் ஹெர்பர்ட் ஸ்மித்தும் எடை மேடையில் நின்றவர்கள்தான். இருவரும் பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர்கள் ஆனார்கள்.

எடையைப் பார்க்க ஆள் அனுப்பலாம் என்றால், சுரங்கத்தின் கூரையைப் பார்க்க அனுப்பக்கூடாதா? காற்றோட்டத்தைப் பார்க்க? 1872 சட்டத்திலேயே அந்த வித்தும் விழுந்துவிட்டது. தொழிலாளிகள் தங்களுக்குள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு தடவையாவது சுரங்கத்தைச் சுற்றிப் பார்த்து, கண்டதை எழுதிவைக்கலாம். இதுவும் அவர்கள் செலவில்தான். அரசாங்க ஆய்வாளர் எப்போதாவது ஒருநாள் வருவார். அவர் வருகிறார் என்று தெரிந்தால் அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். முட்டுக்கட்டை எங்கே நெகிழ்ந்திருக்கிறது, எந்த மூலையில் வாயு தேங்குகிறது என்று அங்கேயே வேலை செய்பவருக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்குத் தெரியும்? பாதுகாப்பை மேற்பார்வையிடத் தொழிலாளர் பிரதிநிதி வேண்டும் என்று இன்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்கின்றன. அதன் பழைய வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

எடை சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. படுகை குறுகலாக இருந்தால், தண்ணீர் கசிந்தால், பாறை குறுக்கிட்டால் எட்டு மணி நேரம் உயிரைக் கொடுத்து வெட்டினாலும் வண்டி நிறையாது. நேரான தராசு அந்தக் குறைந்த எடையை நேராகவே காட்டும். அதனால்தான் 1912-ல் பத்து லட்சம் சுரங்கத் தொழிலாளிகள் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தினார்கள். வெட்டிய எடை எவ்வளவாக இருந்தாலும் ஒரு நாள் உழைப்புக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு என்ற சட்டத்தை அந்த மார்ச் மாதமே வாங்கினார்கள். அது வேறு பெரிய கதை.

1919-ல் இந்த ஏற்பாடு சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தது. இரும்பு உருக்காலை, சுண்ணாம்புக்கல் குவாரி, சிமெண்ட் ஆலை, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் துறை ஆகியவற்றிலும் எடைக்குக் கூலி வாங்குபவர்கள் தங்கள் ஆளை நிறுத்தலாம் என்று சட்டம் வந்தது. 1966-ல் பிரிட்டனின் இயந்திரச் சுரங்கங்களில் எடைக்கூலி போய் நாள்கூலி வரத்தொடங்கியதும் அந்த நாற்காலிக்கு வேலை குறைந்தது. 2015 டிசம்பரில் யார்க்‌ஷயரின் கெல்லிங்லி மூடப்பட்டபோது அந்த நாட்டில் ஆழ் நிலக்கரிச் சுரங்கமே இல்லாமல் போயிற்று.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கத்தைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டனிலிருந்து குடியேறிய சுரங்கத் தொழிலாளிகள் இந்தக் கோரிக்கையையும் மூட்டை முடிச்சோடு அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1902-ல் பென்சில்வேனியாவில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் ஐந்து மாதங்களுக்கு மேல் வேலையை நிறுத்தினார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அமைத்த குழு மறு வருடம் கொடுத்த தீர்ப்பில் கூலி உயர்வோடு, தொழிலாளிகள் தங்கள் செலவில் எடை பார்க்க ஆள் வைத்துக்கொள்ளலாம் என்பதும் இருந்தது.

கொலராடோவில் அப்படி நடக்கவில்லை. அங்கே ராக்கஃபெல்லர் குடும்பத்தின் கம்பெனிதான் பெரிய கை. எடை பார்க்க ஆள் வைக்கும் உரிமை அந்த மாநிலச் சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் கேட்டவருக்கு வேலை போனது. 1913 செப்டம்பரில் ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கம் ஏழு கோரிக்கைகளை வைத்தது. சங்க அங்கீகாரம், எட்டு மணி நேர வேலை, விரும்பிய கடையில் பொருள் வாங்கும் சுதந்திரம் ஆகியவற்றோடு, கம்பெனியின் தலையீடு இல்லாமல் தொழிலாளிகளே தேர்ந்தெடுக்கும் எடை பார்ப்பவரும் அந்தப் பட்டியலில் இருந்தார். வேலைநிறுத்தம் தொடங்கியதும் கம்பெனி வீடுகளிலிருந்து துரத்தினார்கள். கிரேக்கர், இத்தாலியர், மெக்ஸிகர் என்று பல நாட்டுக் குடும்பங்கள் லட்லோ என்ற இடத்தில் சங்கம் போட்டுக்கொடுத்த கூடாரங்களில் பனிக்காலம் முழுவதும் கிடந்தன. துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து கூடாரத் தரையில் குழி தோண்டிவைத்திருந்தார்கள்.

1914 ஏப்ரல் 20 அன்று தேசியக் காவல் படையினரும் கம்பெனிக் காவலர்களும் அந்தக் கூடாரங்களை இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டார்கள். மாலையில் கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்துக்கு அடியில் இருந்த குழிக்குள் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் புகையில் மூச்சுமுட்டிச் செத்தார்கள். அந்த வருடக் கடைசியில் வேலைநிறுத்தம் எந்தக் கோரிக்கையும் நிறைவேறாமல் முடிந்தது.

சங்கம் பிறகு அந்த நிலத்தை விலைக்கு வாங்கி 1918-ல் நினைவுச்சின்னம் எழுப்பியது. அந்தக் குழி இன்றும் அங்கே இருக்கிறது. மேலே இரும்புக் கதவு போட்டிருக்கிறார்கள். திறந்து, படியில் இறங்கி உள்ளே நின்று பார்க்கலாம்.